வியாழக்கிழமை மேசையும் என் வாயும்

நானா,

இன்று காலை பட்டறையில் பசை வாளியின் மூடியைத் திறந்ததும் கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. பூச்சி அண்டாமல் இருக்க, காய்ச்சிய மாவுப் பசையில் நாலு கராம்பைத் தட்டிப் போடுவது உங்கள் வழக்கம். நீங்கள் மௌத்தாகி, கண்ணை மூடி, ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது யார் போடுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வாசத்தில் மயங்கி, புரியாணிக் கடை என்று நினைத்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நாற்பது பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன. நீங்கள் இருந்திருந்தால் தலையை நிமிர்த்தாமலே, "எத்தின பஸ் மச்சான்?" என்று கேட்டிருப்பீர்கள். நாற்பது என்பேன். "ஆறு எண்டு வெச்சிக்கொள்ளுவோம்" என்பீர்கள். அண்ணன் முறையில் உங்களை நானா என்று கூப்பிட்ட இருபது வருஷச் சிநேகிதத்தில் நமக்குள் நடந்த ஒரே பேரம் அதுதான். நான் மலையளவு சொல்வேன். நீங்கள் அதைக் கைக்குள் அடங்குகிற மாதிரி வெட்டித் தருவீர்கள். அட்டையில் மாதிரி வெட்டுகிறவர்தானே.

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரிந்த குற்றம்தான். நான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

நம் பட்டறையில் தேயிலைப் பரிசுப் பெட்டி செய்தோம். அட்டையில் புது மாதிரிகளை நீங்கள் வெட்டுவீர்கள். மடிப்புப் பகுதிக்கு நான் மேற்பார்வை. அதாவது நீங்கள் யோசித்தீர்கள், நான் சத்தம் போட்டேன். மாதம் ஒரு முறை முதலாளி எல்லோரையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டு, "புதுசா யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்று கேட்பார். மடிப்புப் பகுதியின் பதினொரு பேரும் தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டங்களில் செருப்புகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை வைத்துக் கண்டி டவுனில் மூன்று மாடிச் செருப்புக் கடை போட்டிருக்கலாம். கூட்டம் முடிந்து கீழே வந்து நீள மேசையில் பெட்டி மடிக்கத் தொடங்கினால், அதே பதினொரு வாயும் தானாகத் திறந்துகொள்ளும். மூடி மழைக்காலத்தில் உப்புகிறது என்பார்கள். ரிப்பனுக்குத் துளை போட்டால் முடிச்சு நழுவாது என்பார்கள். எனக்கு அது வெறும் இரைச்சல். நீங்கள்தான் கத்தியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தீர்கள்.

"மச்சான், அக்குறணையில கலியாண வூட்டுல பொம்புளையள் வெங்காயம் உரிக்கிறத்தப் பாத்தீக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

"என்னை எங்க உள்ள விட்டாங்க, நானா? சோத்துக்குக் கூப்பிட்டதோட சரி."

"கையும் வெங்காயத்துல, கண்ணும் வெங்காயத்துல. அந்த நேரம் வராத கத ஒண்டும் இல்ல. அதே பொம்புளையள வரிசையா கதிரையில ஒக்கார வெச்சி, செல்லுங்க பாப்போம் எண்டு கேளு. எல்லாரும் ஊமை."

"கண்ணு எரியும், அதனால பேச்சு வருது" என்றேன் நான்.

"இல்ல. அவங்கள ஒருத்தரும் பாக்கல்ல. அதனால வருது."

வியாழக்கிழமை மேசை அப்படித்தான் பிறந்தது. தேத்தண்ணிக்குப் பிறகு அரை மணி நேரம். எல்லோரும், முதலாளி வந்தால் அவரும், பெட்டி மடிக்க வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் மற்றவர்கள் திருப்பிக் கேட்கக்கூடியது ஒரே ஒரு சொல்: "பொறகு?" வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் பந்துல அதையே சிங்களத்தில் "ஈட்ட பஸ்ஸே?" என்பான். சரிவராது என்று சொல்லத் தடை. அது எனக்கும் விளங்கியது. நல்லது என்று சொல்லவும் தடை போட்டீர்களே, அதற்குத்தான் நான் உங்களோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன்.

"பாராட்டினா என்ன குத்தம்?"

"ஒருத்தனுக்கு நல்லம் எண்டு சென்னா, பக்கத்துல ஈக்கிறவன் தன்ட கதைய எடுத்து அதோட வெச்சி அளந்து பாப்பான். கொறைஞ்சா முழுங்கிடுவான். நமக்கு முழுங்கின கதைதான் வேணும் மச்சான்."

இதைச் சொல்ல நீங்கள் எந்தப் படிப்பும் படிக்கவில்லை. மனிதர்கள் எப்போது வாயை மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், அவ்வளவுதான்.

இனி குற்றம். செல்வி வத்தேகமயிலிருந்து வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மேசையில் எல்லோரும் பேசுவார்கள், அவள் மட்டும் மடிப்பாள். அவள் மடித்த மூலைகளைத் தொட்டால் விரல் வெட்டுப்படும், அவ்வளவு கூர்மை. ஒரு வியாழக்கிழமை, தலையைக் குனிந்தபடியே, "பெட்டியத் தலைகீழா வச்சு…" என்று தொடங்கினாள். அவள் சொன்னது அந்த மூன்று சொல்தான். "பொறகு?" என்று கேட்க நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"தலைகீழாவா? அப்ப நானும் இனிமே தலைகீழா நின்னுதான் மேற்பார்வை பண்ணணும்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? எழுந்து, என் நூறு கிலோ உடம்பை வளைத்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டு மேசையைப் பார்த்தேன். சிரிப்பில் ஹந்தானை மலை ஓர் அங்குலம் நகர்ந்தது. கண்டிக் குளத்து மீன்கள் கரையேறி என்ன விஷயம் என்று விசாரித்தன. பந்துல வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். செல்வியும் சிரித்தாள். நான் தலைகீழாக நின்றதால் அவள் சிரிப்பும் எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. சரியாகத்தான் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று சாயந்தரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு பகிடி விட்டு, சிரிக்க வைத்துத் தப்பித்திருப்பேன்.

"அந்தப் புள்ள முடிக்க முந்தி நீ சிரிச்சிட்டாய். மிச்சம் என்ன செல்ல வந்திச்சி எண்டு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது நானா."

"எனக்கும் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியாது." மாத்தளை பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே, "ஒன்ட பகிடி நல்ல பகிடி மச்சான். அதான் பிரச்சினையே" என்றீர்கள்.

அதன் பிறகு செல்வி மேசையில் பேசவே இல்லை. வியாழன் தவறாமல் வந்தாள், மடித்தாள், போனாள். நீங்கள் இருந்த வரைக்கும் மற்றவர்கள் பேசினார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்கு முந்நூறு தடவை தோன்றியது. சரி, ஆறு தடவை. ஆறு தடவையும், "அவ அப்பவே மறந்திருப்பா" என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பிறகு நோன்பு முடிந்த மாதத்தில் ஒரு காலை, உங்கள் மகன் போன் செய்தான். நெஞ்சு வலி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றான். மஹியாவையிலிருந்து அக்குறணைக்கு நான் வந்து சேர்வதற்குள் உங்களைக் குளிப்பாட்டி வெள்ளைத்துணி போர்த்தியிருந்தார்கள். பள்ளிவாசல் வாசலில் நின்றேன். பட்டறையே வந்திருந்தது. எல்லோரும் செருப்பைப் பார்த்தோம்.

முதலாளி ஓய்வெடுத்து, அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். நல்ல பிள்ளை, நானா. குறை சொல்ல மனம் வரவில்லை. என்னை "அங்கிள்" என்பாள். பட்டறையில் புதுச் சிந்தனை ஓட வேண்டும் என்று அவளுக்கு உண்மையாகவே ஆசை. எங்கோ படித்துவிட்டு வந்து, மேல்மாடியில் கண்ணாடி அறை கட்டினாள், குளிரூட்டி போட்டாள். மஞ்சள், ரோஸ், பச்சை நிறங்களில் சின்னச் சின்ன ஒட்டுத் தாள்கள் வாங்கினாள். ஆளுக்கு ஒரு யோசனை எழுதி, கீழே பெயர் போட்டு, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். சிறந்ததற்குப் பரிசு. வாசலில் பெரிய படம், அதன் கீழே "மாதத்தின் சிந்தனையாளர்". வியாழக்கிழமை மேசை வேண்டாம், அந்த அரை மணி நேரம் மேலே வந்துவிடுங்கள் என்றாள்.

முதல் மூன்று மாதமும் வாசலில் தொங்கியது யார் படம் என்று ஊகித்திருப்பீர்கள். பெரஹரா ஊர்வலம் முடிந்து சும்மா நிற்கிற யானைகளின் முதுகில் பெட்டிகளை ஏற்றி, குலுங்காமல் கொழும்புக்கு அனுப்பலாம் என்று எழுதினேன். அடுத்த மாதம், ஹந்தானை உச்சியிலிருந்து பரசூட். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடியில் என் தாள்கள் மட்டும் பூத்துக் குலுங்கின. மற்றவர்களுடைய தாள்களில் "கதவுக்கு எண்ணெய் போடவும்" என்று இருந்தது. நாலாவது மாதம் அதுவும் இல்லை. சிங்கம் மாதிரி வாசலில் தொங்கிக்கொண்டு, பதினொரு பேரின் வாயையும் நான் அடைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தது ஒரு கடிதம். கடுகண்ணாவை மலை வளைவுகளில் லொறி இறங்கும்போது பெட்டிக்குள் தேயிலைப் பைகள் ஓடி மோதுகின்றன, மூலைகள் நசுங்கி வருகின்றன, ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று வாங்குகிறவர்கள் எழுதியிருந்தார்கள். உள்ளே பஞ்சுத்தாள் வைக்கவும் அவர்கள் சம்மதிக்கவில்லை. பெட்டியிலே அட்டையைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாதாம்.

"அங்கிள், இந்த ஓடர் போனா மடிப்புப் பகுதிய மூடத்தான் வேணும்" என்றாள் அந்தப் பிள்ளை. முகம் வெளுத்திருந்தது. "பதினொரு பேரையும் நான் எங்க அனுப்புறது? நேத்து ரெண்டு மணி நேரம் கண்ணாடி அறைல உட்கார வச்சுக் கேட்டேன். ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. இவங்களுக்கு யோசனையே வராதா?"

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது, நானா. அவள் மேல் இல்லை.

"வரும், மெடம்" என்றேன். "வர்ற வழியில நான் படுத்துக் கிடக்கேன். முதல்ல வாசல்ல தொங்குற என் படத்தைக் கழட்டுங்க. நாலு வியாழக்கிழமை எனக்குக் குடுங்க. நீங்களும் கீழ வந்து மடிக்கணும்."

"எனக்கு மடிக்கத் தெரியாதே அங்கிள்."

"ரொம்ப நல்லது."

முதல் வியாழன். மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். "செல்வி, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நீ பெட்டியத் தலைகீழா வச்சுன்னு ஒண்ணு ஆரம்பிச்ச. நான் குரங்கு மாதிரி ஆடி அதைக் கெடுத்துட்டேன். அது என் தப்பு. இப்ப எல்லார் முன்னாடியும் கேக்கிறேன். மிச்சத்தைச் சொல்லும்மா" என்றேன்.

அவள் மடிப்பை நிறுத்தவில்லை. ஒரு மூலையை நகத்தால் நீவி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"மறந்துருச்சு மாமா."

கோபமில்லை, குத்தலில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டது. நான் கதிரையில் உட்கார்ந்தேன். அன்று பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது, சொன்னபடியே நடந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் பெரிதாக்கிச் சொல்ல முடியாத ஒரே விஷயம் இது. எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அன்று வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு முடிவு செய்தேன். இன்னும் மூன்று வியாழன் இருக்கிறது. மேசையில் என் வாயிலிருந்து "பொறகு?" தவிர ஒரு சொல் வெளியே வராது. என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாம்பார்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "உங்களால ஆகாது" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனைச் சீண்டிவிட இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது வியாழன் முதலாளி மகள் மடித்த பெட்டிகளைப் பார்த்திருந்தால் நீங்கள் இன்னொரு தடவை மௌத்தாகியிருப்பீர்கள். ஒன்று மிதிபட்ட பலாப்பழம் மாதிரி இருந்தது. இன்னொன்றுக்கு ஐந்து மூலை. என் நாக்கில் பதினாறு பகிடிகள் வரிசை கட்டி நின்றன. பல்லைக் கடித்தேன். பக்கத்திலிருந்த செல்விதான் பொறுக்க முடியாமல், "மெடம், இந்த ஓரத்துக் காதை முதல்ல உள்ள மடிச்சு விடுங்க. அவசரப்பட்டா அது கோவிச்சுக்கும்" என்றாள். மேசை லேசாகச் சிரித்தது. பந்துல தன் இயந்திரத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான். "பொறகு?" என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு, விதியை ஞாபகப்படுத்திக்கொண்டு சட்டென்று குனிந்து, தொடர்ந்து பேசினான். அவன் சொன்னதால் ஒரு பயனும் இல்லை. ஆனால் முழுதாகச் சொன்னான்.

மூன்றாவது வியாழன் வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் சரியாகக் கேட்காது. அந்தத் தைரியமோ என்னவோ, செல்வி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வெட்டிப்போட்ட அட்டைத் துண்டு இருக்குல்ல. அதைக் கொசுவம் மாதிரி மடிச்சு…"

கொசுவம். சேலைக் கொசுவம். நானா, அந்தக் கணத்தில் என் வாய்க்குள் வந்து குதித்த பகிடியை உங்களால் கற்பனை செய்ய முடியுமா? தேயிலைப் பெட்டிக்குச் சேலை. மஞ்சள், குங்குமம், மாப்பிள்ளை யார், தாலி எடுத்துக்கொடுக்க நானே நிற்கிறேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பகிடி அது. இமயமலையை விழுங்குவது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, காது சூடேறியது. செல்வி விதியை மீறி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வாய்க்குள்ள என்னமோ வச்சிருக்கீங்க மாமா" என்றாள். "முழுங்கிருங்க. நான் இன்னும் முடிக்கல."

மேசை அதிர்ந்தது. பந்துல மறுபடியும் தரையில் உட்கார்ந்தான். இந்தத் தடவை சிரிப்பு முழுவதும் என் மேல் விழுந்தது, மழை மாதிரி. நான் விழுங்கினேன். "பொறகு?" என்றேன்.

பிறகு அவள் சொன்னாள். கொசுவமாக மடித்த அட்டைப் பட்டையைப் பெட்டியின் நாலு சுவரோரமும் நிறுத்தினால், பைகள் மோதும்போது கொசுவம் சுருங்கி இடம் கொடுக்கும், விட்டதும் விரிந்து பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். பஞ்சும் வேண்டாம், பசையும் வேண்டாம், நாம் குப்பையில் போடுகிற துண்டே போதும். அவள் நிறுத்திய இடத்தில் மெடம் "பொறகு?" என்று கேட்டாள், கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எத்தனை மடிப்பு, எவ்வளவு உயரம். நீங்கள் வெட்டி வைத்துவிட்டுப் போன மாதிரிகளை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினோம். பந்துல பன்னிரண்டு பெட்டிகளைத் தன் மோட்டார் சைக்கிளில் கட்டி, குழி ஒன்றையும் விடாமல் வத்தேகம வரைக்கும் போய் வந்தான். பதினொன்று முழுதாக வந்தது. பன்னிரண்டாவது பெட்டி மெடம் மடித்தது.

ஓடர் தப்பியது, நானா. இப்போதைக்குத் தப்பியது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி அறையில் இப்போது அட்டைச் சுருள்கள் அடுக்கியிருக்கிறோம், ஈரம் பிடிக்காமல் இருக்கிறது. குளிரூட்டிக்கு ஒரு நல்ல வேலை. செல்வி படத்தை வாசலில் மாட்டலாமா என்று மெடம் கேட்டாள். வேண்டாம் என்று நானும் செல்வியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இந்த மடலை எழுத வைத்தது வெற்றி இல்லை. போன வியாழக்கிழமை நடந்த ஒரு சின்னச் சங்கதி. செல்வி மடித்துக்கொண்டே, "மூடி திறக்கிற பக்கத்துல ஒரு…" என்று தொடங்கினாள். நாங்கள் எல்லோரும் குனிந்தபடி காத்திருந்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்.

"இல்ல, இன்னும் சரியா வரல. அடுத்த கிழமை சொல்றேன்."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டாள். பாதிப் பேச்சை மேசை மேல் அப்படியே விட்டுவிட்டு, அது ஒரு வாரம் பத்திரமாக இருக்கும் என்ற நிச்சயத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு நாளாக நான் அதைக் காவல் காக்கிறேன். மூடியில் ஒரு என்ன? சன்னலா, கைப்பிடியா, மணியா? எனக்குத் தோன்றுவதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்க்க நாக்கு அரிக்கிறது. தினமும் படியில் அவளைக் கடந்து போகிறேன். "மழை வரும்போல" என்கிறாள். "ஆமா" என்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. உடம்புக்கு முடியலையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நாளைக்கு வியாழன். நாளைக்கும் அவளுக்கு வராவிட்டால் அடுத்த வியாழன். அதற்கும் அடுத்தது. நான் கேட்க மாட்டேன், நானா. எத்தனை வியாழன் ஆனாலும் கேட்க மாட்டேன். இந்தக் கணக்கை மட்டும் நீங்கள் குறைக்க வேண்டாம்.